பழைய சாம்பியன்கள் மீண்டும் எழுவார்களா?
(கால்பந்து பற்றி ஒரு சிறு ஆய்வு)

மூன்றாம் ஆண்டு மாணவர், மெக்கானிக்கல் பிரிவு

முன்னுரை

கால்பந்து என்று சொன்னாலே நம்ம ஹாஸ்டலில் மெஸ்ஸியா ரொனால்டோவா என்று சண்டை ஆரம்பித்துவிடும். இந்தியக் கால்பந்து என்று பேச்செடுத்தால் மட்டும் ஒரே அமைதி. "அதெல்லாம் தேறாது மச்சான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். ஒரு காலத்தில் நன்றாகவே தேறியிருந்தது என்பது அப்படிச் சொல்கிற பலருக்குத் தெரியாது.

1951ல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கால்பந்தில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம். 1962ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்து மறுபடியும் ஆசியத் தங்கம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் அடித்தவர் நம்ம தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான். அதற்குப் பிறகு இந்தியா தகுதி பெறவே இல்லை.

அப்படியானால், ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து பிறகு விழுந்த அணிகள் மறுபடியும் எழ முடியுமா? எழுந்தவர்கள் யாராவது உண்டா? எழுந்தவர்கள் என்ன செய்தார்கள்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். இது ஏதோ கல்கத்தா, ஹைதராபாத் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நம்ம கல்லூரி ஆபீஸ் வராந்தாவில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறதல்லவா? அதில் கறுத்துப்போய் நிற்கும் கால்பந்துக் கோப்பைகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

1. ஏன் விழுகிறார்கள்? (ஹைதராபாத்)

சையத் அப்துல் ரஹீம் என்பவர் பள்ளி ஆசிரியர். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ரோவர்ஸ் கோப்பை அந்த அணிக்குத்தான். ஹைதராபாத் மாநில அணி 1956-57, 1957-58 என்று அடுத்தடுத்து சந்தோஷ் டிராபியை வாங்கியது. 1951, 1962 ஆசியத் தங்கங்களை வாங்கிய இந்திய அணிகளுக்கும் ரஹீம்தான் பயிற்சியாளர். 2024ல் வந்த 'மைதான்' இந்திப்படம் இவர் கதைதான்.

1963 ஜூனில் ரஹீம் புற்றுநோயால் இறந்தார். இந்திய அணி மறுநாளே விழுந்துவிடவில்லை. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதோடு சரி. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப்பின் ஒரு பதக்கமும் இல்லை.

நாம் தியரி ஆஃப் மெஷின்ஸில் ஃப்ளைவீல் படித்திருக்கிறோம். என்ஜினை நிறுத்தினாலும் ஃப்ளைவீல் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவன் என்ஜின் ஓடுகிறது என்றே நினைப்பான். பெரிய அணிகள் விழுவதும் இப்படித்தான். அடியில் இருப்பது நின்று ஐந்தாறு வருஷம் ஆன பிறகும் கோப்பை வந்துகொண்டிருக்கும். அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. கவலைப்பட ஆரம்பிக்கும்போது வேகம் முழுசாகக் குறைந்திருக்கும்.

அதே ஹைதராபாத்தின் பெயரில் 2019ல் ஐ.எஸ்.எல். லீகில் ஒரு புது அணி வந்தது. 2021-22ல் சாம்பியன் ஆகிவிட்டது. "ஆஹா, ஹைதராபாத் திரும்பி வந்துவிட்டது" என்று எல்லோரும் சொன்னார்கள். பணப்பிரச்சினை வந்தது. 2023-24ல் அதே அணி பட்டியலில் கடைசி இடம். இரண்டே வருஷம்! பெயர் மட்டும் பழைய ஊருடையது. ஊருக்குள் வேர் இறங்குவதற்கு முன்பே காற்று அடித்துவிட்டது.

2. எழுந்தவர்கள் உண்டா? (முகமதன் ஸ்போர்ட்டிங்)

உண்டு. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் 1891ல் ஆரம்பித்த கிளப். 1934ல் கல்கத்தா லீகை ஜெயித்த முதல் இந்திய அணி இதுதான். 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து ஜெயித்தது. 1940ல் டூரண்ட் கோப்பையையும் வாங்கியது. பிரிட்டிஷ் ராணுவ அணிகளே ஆண்டுகொண்டிருந்த கோப்பை அது.

பிறகு தேய ஆரம்பித்தது. 1981ல் கல்கத்தா லீகை ஜெயித்த பிறகு அடுத்த முறை ஜெயிக்க நாற்பது வருஷம் ஆனது. 2021, 2022, 2023 என்று மூன்று முறை வரிசையாக வாங்கினார்கள். 2023-24ல் ஐ-லீக் சாம்பியன். அதன் மூலம் மேல் லீகான ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார்கள்.

எப்படி முடிந்தது? 2020 வாக்கில் வெளியிலிருந்து முதலீடு வந்தது உண்மை. ஆனால் பணம் வந்த எல்லா அணியும் எழவில்லையே! முகமதனுக்கு இருந்தது என்னவென்றால், தோற்ற நாற்பது வருஷமும் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்த ஜனம். தாத்தா சொல்லி அப்பா கேட்டு, அப்பா சொல்லி மகன் கேட்டு வந்த கூட்டம். பழைய பெயர் என்பது இங்கேதான் உதவுகிறது. அது பேங்கில் போட்ட பழைய டெபாசிட் மாதிரி. அதை வைத்து வீடு கட்ட முடியாது, ஆனால் கட்ட ஆரம்பிக்கக் கைகொடுக்கும்.

பாதிக் கதையை மட்டும் சொல்லக்கூடாது. 2024-25ல் முகமதன் ஐ.எஸ்.எல்.லில் 13 அணிகளில் கடைசியாக வந்தது. மேலே ஏறுவது ஒரு வேலை, அங்கே நிற்பது வேறு வேலை என்று இதிலிருந்து தெரிகிறது.

கால்பந்தை விட்டு ஒரு நிமிஷம் ஹாக்கிக்குப் போவோம். எட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய இந்தியா 1980 மாஸ்கோவுக்குப் பிறகு 41 வருஷம் ஒரு பதக்கமும் இல்லாமல் இருந்தது. 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 2024 பாரிஸில் மறுபடி வெண்கலம். 2018 முதல் தேசிய அணிக்கு ஸ்பான்சராக நின்றது ஒடிசா மாநில அரசு. அந்த மாநிலத்தின் சுந்தர்கர் மாவட்டத்தில் அதற்குப் பல வருஷம் முன்பே விளையாட்டு ஹாஸ்டல் வைத்து ஆதிவாசிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, படிப்பும் ஹாக்கியும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதக்கம் வந்த வருஷத்தில் ஆரம்பித்த வேலை இல்லை அது.

3. வேலை என்கிற விஷயம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் முக்கியம்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறார். நான் ஷூவை எடுத்துக்கொண்டு கிளம்பினால் "பந்து சோறு போடுமாடா?" என்று கேட்பார். அவர் கேட்பதில் தப்பே இல்லை. உங்களில் பலர் வீட்டிலும் இதே கேள்விதான் இருக்கும். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால்தான் இந்த ஆய்வுக்கே அர்த்தம்.

ஒரு காலத்தில் பந்து சோறு போட்டது. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, ஏ.ஜி. ஆபீஸ் என்று சென்னை லீகின் பெரிய அணிகள் எல்லாமே ஏதாவது ஒரு அலுவலகத்தின் அணிகள். நன்றாக விளையாடினால் வேலை. காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ், மாதம் பிறந்தால் சம்பளம். 1996ல் தேசிய கால்பந்து லீக் ஆரம்பித்த பிறகு இந்தியன் வங்கி அணி அதில் போய் நாட்டின் பெரிய கிளப்புகளோடு மோதியது. 2000களில் அது கீழே இறங்கிவிட்டது. அலுவலகங்களில் வீரர்களை எடுப்பது குறையக் குறைய, பையன்களை மைதானத்துக்கு அனுப்பும் அப்பாக்களும் குறைந்தார்கள்.

கேரளாவைப் பாருங்கள். ஐ.எம். விஜயன் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். நம்ம வயசில் கேரளப் போலீஸ் அவரை அணியில் எடுத்தது. அந்த அணி 1990, 1991 என்று இரண்டு முறை ஃபெடரேஷன் கோப்பையை வாங்கியது. விஜயன் பிற்பாடு இந்திய அணிக்கே கேப்டன் ஆனார்.

வங்காளத்தையும் பாருங்கள். சந்தோஷ் டிராபியை அதிகம் வாங்கிய மாநிலம். 2016-17க்குப் பிறகு அங்கேயும் வறட்சி. 2024 டிசம்பர் 31 அன்று ஹைதராபாத்தில் கேரளாவை 1-0 என்று ஜெயித்து 33வது முறையாக வாங்கினார்கள். ஊர் திரும்பியதும் மாநில அரசு அந்த வீரர்களுக்குப் போலீஸில் வேலை கொடுத்தது. அந்த வேலை உத்தரவைப் பார்த்த எத்தனை அப்பாக்கள் தன் பையனுக்குப் பந்து வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

4. நம்ம தமிழ்நாடு எங்கே நிற்கிறது?

சந்தோஷ் டிராபி 1941ல் ஆரம்பித்தது. தமிழ்நாட்டு ஆண்கள் அணி இதுவரை ஒரு முறையும் வாங்கியதில்லை. 1972-73ல் இறுதிக்குப் போய் வங்காளத்திடம் தோற்றது. 2011-12ல் மறுபடியும் இறுதி. அங்கே நம்மை ஜெயித்தது சர்வீசஸ், அதாவது ராணுவத்தினர் அணி. வேலையும் விளையாட்டும் ஒன்றாகவே கிடைக்கிற அணியிடம்தான் தோற்றோம்.

கிளப் அளவில் நம்மிடம் வெற்றி இல்லாமல் இல்லை. சென்னையின் எஃப்.சி. 2015லும் 2017-18லும் ஐ.எஸ்.எல். சாம்பியன். சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூரில் விளையாடி 2018-19ல் ஐ-லீக் சாம்பியன் ஆனது. ஆனால் 2021-22ல் ஐ-லீகில் அந்த அணியே இல்லை! கோப்பை வாங்கிய மூன்றாவது வருஷத்தில் காணாமல் போவது எப்படி என்று நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது. முகமதனுக்கு இருந்த தாத்தா, அப்பா, மகன் என்ற கூட்டம் சென்னை சிட்டிக்கு இல்லை. அது உருவாவதற்கு நேரமும் கிடைக்கவில்லை.

திறமை இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகானை நாலரை வருஷம் கழித்து ஜெயித்தது. அந்த ஒரே கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர், சென்னைப் பையன். இந்தியாவுக்கு ஆடிய தன்பால் கணேஷ் வியாசர்பாடியில் வளர்ந்தவர். அங்கே முல்லை நகர் மைதானத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு மைதானம், தினமும் வருகிற பயிற்சியாளர், இரண்டும் இருந்தால் போதும், வட சென்னைத் தெருவிலிருந்து இந்திய ஜெர்சி வரை வழி திறக்கிறது.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். சீனியர் தேசியப் பெண்கள் கால்பந்தில் தமிழ்நாடு இரண்டு முறை சாம்பியன்! 2018ல் கட்டாக்கில் மணிப்பூரைத் தோற்கடித்தார்கள். அந்தப் போட்டியை அதிகம் வாங்கிய மாநிலமே மணிப்பூர்தான். 2023ல் அமிர்தசரஸில் ஹரியானாவை ஜெயித்து மறுபடியும் வாங்கினார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019ல் இந்தியப் பெண்கள் லீகை வாங்கியது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் நடுகள வீராங்கனை, நம்ம தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். பந்து சோறு போடுமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆண்கள் பல வருஷமாக முட்டிக்கொண்டு நிற்கும் கதவை, யாரும் கவனிக்காத பெண்கள் திறந்திருக்கிறார்கள். நம்ம கல்லூரியில் பெண்களுக்குக் கால்பந்து அணியே கிடையாது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

5. கல்லூரி அணிக்கு என்ன பாடம்?

கிளப்புக்கும் கல்லூரிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிளப்பில் நல்ல ஆட்டக்காரன் பத்து வருஷம்கூட இருப்பான். நம்மிடம் மூன்றே வருஷம். முதல் வருஷம் வழி கண்டுபிடிப்பதிலேயே போய்விடும், மூன்றாம் வருஷம் பிராஜெக்ட், கேம்பஸ் இன்டர்வியூ. ஆகவே "இந்த வருஷம் நல்ல செட் அமையலை" என்று பி.டி. சார் சொல்வதில் பாதிதான் காரணம். செட் எப்படியும் போய்க்கொண்டேதான் இருக்கும். செட் போன பிறகு மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே பார்த்த எல்லா உதாரணத்தையும் சேர்த்துப் பார்த்தால் நிற்க வேண்டியவை நான்கு:

(அ) மைதானம். சுவர் இருந்தால்தான் சித்திரம். நம்ம கிரவுண்டில் ஒரு பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால் டூவீலர் ஸ்டாண்டு வந்துவிட்டது. கார்னர் அடிக்க இடம் இல்லை. மழைக்காலத்தில் மிச்ச இடத்தில் கணுக்கால் வரை தண்ணீர். தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி பக்கம் புதிதாக வந்த டர்ஃப் மைதானங்களில் மணிக்கணக்கில் வாடகை. ஆளுக்கு நூறு ரூபாய் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். பஸ் பாஸில் வருகிற பையனால் அது முடியாது.

(ஆ) கற்றுக்கொடுப்பவர். ரஹீம் மாதிரி ஒருவர் கிடைப்பது அபூர்வம். ஆனால் அவரும் அடிப்படையில் ஒரு வாத்தியார்தான். தினமும் வருவது, ஜூனியருக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவது, இதை சீனியர்களே செய்யலாம்.

(இ) வருஷா வருஷம் நடக்கிற போட்டி. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் தாம்பரத்துக்கு வந்தது. அங்கே சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று விடுதிகளுக்கு இடையே போட்டி நடத்துகிற வழக்கம் உண்டு. மாணவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் ஹால் பெயர் நிற்கிறது, போட்டி நிற்கிறது. வெளியில் தோற்றாலும் உள்ளே பந்து உருண்டுகொண்டே இருக்கும். நாமோ மண்டலப் போட்டிக்குச் சர்க்குலர் வந்த பிறகுதான் பந்துக்குக் காற்றடிக்கிறோம். மெஷினுக்கு பிரேக்டவுன் மெயின்டெனன்ஸ் போதாது, பிரிவென்டிவ் மெயின்டெனன்ஸ் வேண்டும் என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதுகிறோம். அதை கிரவுண்டில் காணோம்.

(ஈ) பலன். சான்றிதழ், வேலை, மேல்படிப்பு என்று கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்று. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கும் சேர்த்து முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் 2023 முதல் மாவட்ட அளவிலிருந்து நடக்கின்றன. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்றால் கதவு சாத்தியிருக்கும் என்று நாமாகவே நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறோம். எந்த மட்டத்துப் போட்டிச் சான்றிதழ் எந்த வேலைக்குச் செல்லும் என்று ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினாலே பாதிப் பேர் கிரவுண்டுக்கு வருவார்கள்.

6. மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பேரவை நினைத்தால் அடுத்த செமஸ்டரிலேயே ஆரம்பிக்கலாம்.

1. டூவீலர் ஸ்டாண்டை கேன்டீன் பக்கம் மாற்றிக் கேட்டு, எல்லாப் பிரிவு மாணவர்களும் கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் ஒரு மனு கொடுப்போம்.

2. சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ, ஈ.சி.ஈ., கம்ப்யூட்டர் என்று ஐந்து பிரிவுக்கும் ஒரு லீக். ஆளுக்கு ஆள் ஒரு முறை மோதினால் மொத்தம் பத்து மேட்ச். வாரத்துக்கு ஒன்று என்றால் இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும்.

3. ஒவ்வொரு மூன்றாம் ஆண்டு ஆட்டக்காரனும் இரண்டு முதலாமாண்டு மாணவர்களைப் பொறுப்பெடுத்துக்கொள்வது. கண்டிப்பாக கிரவுண்டைப் பார்த்தேயிராத ஒருவனாவது அதில் இருக்க வேண்டும்.

4. பெண்கள் அணி ஒன்று. பதினொரு பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டாம், ஐந்து பேர் ஆட்டமாகவே ஆரம்பிக்கலாம்.

முடிவுரை

பழைய சாம்பியன்கள் மீண்டும் எழுவார்களா என்று கேட்டோம். எழலாம் என்பதற்கு முகமதனும், வங்காளமும், நம்ம ஹாக்கி அணியும் சாட்சி. பணத்தை மட்டும் நம்பினால் நிலைக்காது என்பதற்கு ஹைதராபாத்தும் சென்னை சிட்டியும் சாட்சி. பழைய பெயர் உதவும். ஆனால் மைதானம், வாத்தியார், போட்டி, பலன் இந்த நான்கும் இல்லாத இடத்தில் பழைய பெயர் அலமாரிக்குள்தான் இருக்கும்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது என்னுடைய மூன்று வருஷம் முடிந்திருக்கும். நான் சொல்கிற லீக் நடந்தாலும் அதில் என்னால் ஆட முடியாது. பரவாயில்லை. இப்போது முதலாமாண்டில் இருக்கிற தம்பி, தங்கைகள் ஆடட்டும். அவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அலமாரியில் மேல் தட்டில் இன்னும் நாலைந்து கோப்பைக்கு இடம் இருக்கிறது, நானே எண்ணிப் பார்த்துவிட்டேன்.